பொலிஸ் நாடகங்கள் பார்த்துப் பழகிய நாடு

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தென்லண்டனின் டூட்டிங் பகுதியில் குடியேறிய எங்களில் பலர், இந்த நாட்டுப் பொலிஸாரை முதலில் அறிந்துகொண்டது தொலைக்காட்சி வழியாகத்தான். அப்போது 'தி பில்' என்ற தொடரை ஐ.ரி.வி. வாரத்தில் பல நாட்கள் ஒளிபரப்பியது. 1984 ஒக்டோபரில் தொடங்கி 2010 ஓகஸ்டில் முடிந்த அந்தத் தொடரின் கதை, கிழக்கு லண்டனில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட சன் ஹில் பொலிஸ் நிலையத்தில் நடந்தது. ஆனால் 1990 முதல் அதன் படப்பிடிப்புத் தளம் எங்களுக்கு அயலிலிருந்த மேர்ட்டனில் இருந்தபடியால், திரையில் ஓடுகிறவனுக்கும் துரத்துகிறவனுக்கும் பின்னால் தெரிந்த செங்கல் வீடுகளும் கடைத்தெருக்களும் நாங்கள் தினமும் கடந்துபோனவையாகவே தோன்றின. குளிரும் இருட்டும் ஈரத் தெருவும் அதில் அப்படியே இருந்தன. அழகுபடுத்தப்பட்ட லண்டன் எதுவும் இல்லை.

நான் இருந்த வீட்டில் ஒரு பெரியவரும் இருந்தார். ஊரில் ஒரு சட்டத்தரணியிடம் நெடுங்காலம் எழுதுவினைஞராக இருந்தவர். நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம். ஆங்கிலப் பத்திரங்களை வாசித்துப் பழகிய அவருக்கும் தொடரில் வரும் லண்டன் பேச்சு முழுதாகப் பிடிபடுவதில்லை. ஆனால் கைதானவனைக் கொண்டுவந்து நிலையத்தின் முகப்பு மேசைக்கு முன்னால் நிறுத்தியதும் நிமிர்ந்து உட்காருவார். "பார் தம்பி, இனித்தான் விசயம் இருக்கு. லோயர் வேணுமோ எண்டு அவனைக் கேக்கப்போறாங்கள்" என்பார். கேட்பார்கள். ஐயா தலையை ஆட்டிக்கொள்வார்.

அந்த மேசையில் நடப்பவற்றுக்கு அடிப்படையாக இருப்பது, 1984ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இயற்றப்பட்ட பொலிஸ் மற்றும் குற்றச் சான்றுச் சட்டம். அதன்படி, கைதானவரைத் தடுத்து வைப்பதா இல்லையா என்று தீர்மானிக்கும் பொறுப்பு, அந்த விசாரணையில் சம்பந்தப்படாத ஒரு காவற்பொறுப்பு சார்ஜன்ட்டிடம் இருக்கிறது. குற்றம் சாட்டாமல் வைத்திருக்கக்கூடிய நேரம் பொதுவாக 24 மணித்தியாலம். பாரதூரமான குற்றமானால் ஒரு பொலிஸ் அத்தியட்சகர் அதை 36 மணித்தியாலம் வரை நீடிக்கலாம். அதற்கு மேல் நீதவான் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், அதுவும் மொத்தம் 96 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. காசில்லாதவருக்கும் சட்டத்தரணி உண்டு, விசாரணை ஒலிப்பதிவு செய்யப்படும். நாடகம் எழுதுபவருக்கு இதைவிட நல்ல கட்டமைப்பு கிடையாது என்று நினைக்கிறேன். உண்மையைக் கண்டுபிடிக்க வேண்டியவருக்கு எதிரே ஒரு கடிகாரமும், மௌனமாக இருக்கும்படி ஆலோசனை சொல்லும் ஒரு சட்டத்தரணியும் இருக்கும்போது, மேசையில் கை ஓங்காமலே கதை இறுகிவிடுகிறது.

ஐயா அதில் கண்டது வேறு. இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரியிடம் கொடுக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க வழிசெய்தது. இலங்கையின் சாதாரணச் சான்றுச் சட்டத்தில், பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. இந்த விதிவிலக்குக்குள் அகப்பட்டு, தமக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட தாளில் கையெழுத்து வைத்த தமிழ் இளைஞர்கள் எத்தனையோ பேர். ஐயாவின் கைகளில் அப்படியான வழக்குக் கோப்புகள் இருந்திருக்கின்றன. அவரைப் பொறுத்தவரை, ஒலிநாடா சுழலும் அந்தச் சிறிய அறையே தொடரின் கதாநாயகன்.

இரண்டு மூன்று வருடங்களின் பின், நான் இரவு வேலை செய்த பெற்றோல் நிலையத்தில் ஒருவன் கண்ணாடியை உடைத்துப் பெட்டியிலிருந்த பணத்தை எடுத்துக்கொண்டு ஓடினான். விசாரிக்க வந்த இளம் பெண் கொன்ஸ்தாபிள் என் அருகில் உட்கார்ந்து, நான் சொன்னதைக் கையால் எழுதி, எழுதியதை நிதானமாக எனக்கு வாசித்துக் காட்டினார். உடைந்த கண்ணாடி எந்தப் பக்கம் விழுந்தது என்பதில் ஒரு திருத்தம் சொன்னேன். அதை வெட்டித் திருத்தி, அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்திலும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என்னிடம் கையெழுத்து வாங்கினார். தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியிருந்ததால் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. சீருடை அணிந்த ஒருவரிடம் "இது நான் சொன்னது இல்லை" என்று என்னால் சொல்ல முடிந்ததை, வேலை முடிந்து வந்த காலையில் ஐயாவுக்கு இரண்டு முறை விவரித்தேன்.

அதன் பிறகுதான் பழைய தொடர்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். 1955 முதல் 1976 வரை ஓடிய 'டிக்சன் ஒஃப் டொக் கிறீன்' தொடரில், வயதான நல்ல கொன்ஸ்தாபிள் ஒருவர் நம்மைப் பார்த்து மாலை வணக்கம் சொல்லிக் கதையைத் தொடங்குவார். அந்தப் படிமத்தை உடைத்தது 1962 ஜனவரியில் பி.பி.சி. தொடங்கிய 'ஸெட் கார்ஸ்'. லிவர்பூலுக்கு அருகிலுள்ள கேர்க்பியை மனதில் வைத்து உருவாக்கப்பட்ட ஒரு புதுக்குடியிருப்பு அதன் களம். முதற்பகுதியிலேயே ஒரு பொலிஸ்காரனின் மனைவியின் கண் வீங்கியிருந்தது. லங்காஷயர் பொலிஸ் தலைவர் கொதித்துப்போனார். மக்கள் விடாமல் பார்த்தார்கள். 1975இல் வந்த 'தி ஸ்வீனி' இன்னும் முரடானது, கமராவைத் தூக்கிக்கொண்டு மேற்கு லண்டன் தெருக்களுக்கே போய்விட்டது. அதில் அடிதடி எனக்கு அளவுக்கு மிஞ்சியதாகப் படுகிறது.

1991இல் லிண்டா லா பிளான்ட் எழுதிய 'பிரைம் சஸ்பெக்ட்' தொடரை மட்டும் இன்றும் வருடத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் பார்க்கிறேன். ஹெலன் மிரன் நடித்த ஜேன் டெனிசன், மாரடைப்பில் இறந்த ஓர் அதிகாரியின் இடத்துக்கு வரும்போது, கீழே வேலைசெய்யும் ஆண்கள் அவரை மேலதிகாரியாக ஏற்க மறுக்கும் விதத்தைப் பாருங்கள். எதிர்ப்பு வாய்ச்சொல்லில் மட்டும் இல்லை; கோப்புகள் தாமதமாகின்றன, பேச்சு அவர் வந்ததும் நின்றுவிடுகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த புலம்பெயர்ந்தவர் எவருக்கும் அந்த மௌனம் பரிச்சயமானதுதான்.

இந்த நாடகங்கள் நிலைத்து நிற்பதற்கு நான் காணும் காரணம், அவற்றில் பெரும்பாலும் துப்பாக்கி இல்லாததுதான். பிரித்தானியத் தீவின் பெரும்பான்மைப் பொலிஸார் ஆயுதம் ஏந்துவதில்லை. ஆகவே துப்பாக்கி செய்யக்கூடிய வேலையை வசனம் செய்யவேண்டியிருக்கிறது. சாலி வெய்ன்ரைட் எழுதிய 'ஹப்பி வலி' 2014இல் தொடங்கும்போது, மேற்கு யோர்க்ஷயரில் தன்னைக் கொளுத்தப்போவதாக நிற்கும் ஓர் இளைஞனுக்கு முன்னால் சார்ஜன்ட் கத்தரின் கேவுட் தன்னை அறிமுகப்படுத்துகிறார்: வயது 47, விவாகரத்தானவர், பிள்ளைகள் இருவரில் ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் பேசுவதில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றத் தன் துயரத்தைத்தான் அவர் எடுத்து வைக்கிறார். சாரா லங்காஷயரின் நடிப்பில் அந்த ஒரு நிமிடத்துக்காகவே தொடரைப் பார்க்கலாம். ஊழல் பொலிஸாரை விசாரிக்கும் பிரிவைப் பற்றிய 'லைன் ஒஃப் டியூட்டி'யிலோ இருபது நிமிடம் ஒரே மேசையைச் சுற்றிப் பேசிக்கொண்டேயிருப்பார்கள். 2021 மே மாதம் அதன் ஆறாம் பருவத்தின் இறுதிப்பகுதியை ஏறக்குறைய 1 கோடி 28 இலட்சம் பேர் பார்த்தார்கள்.

இவற்றைப் பார்த்து இங்குள்ள பொலிஸ் பிழையற்றது என்று நான் நம்பிவிடவில்லை. 1993 ஏப்ரல் 22 அன்று தென்கிழக்கு லண்டனின் எல்தமில் 18 வயதான ஸ்டீபன் லோரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் கொல்லப்பட்ட வழக்கைப் பொலிஸார் கையாண்ட விதத்தை ஆராய்ந்த மக்பேர்சன் அறிக்கை 1999 பெப்ரவரியில் வெளிவந்தபோது, நிறுவனமயப்பட்ட இனவாதம் என்ற அதன் முடிவை ஐயா பத்திரிகையிலிருந்து எங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டினார். 'லைன் ஒஃப் டியூட்டி'யின் ஆறாம் பருவத்தில் வரும் லோரன்ஸ் கிறிஸ்தோபர் என்ற கறுப்பின இளைஞரின் வழக்கில் அதன் நிழல் விழுகிறது. சட்டம் எழுதப்பட்டிருப்பது ஒன்று, அதை மீறும் கைகள் அதே கட்டடத்துக்குள் இருப்பது இன்னொன்று; இரண்டையும் ஒரே திரையில் காட்டுவதால்தான் இந்த நாடகங்களை மதிக்கிறேன்.

இப்போது வீட்டில் நாங்கள் பார்ப்பது, 2023இல் தொடங்கிய 'புளூ லைட்ஸ்'. வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்தின் புதிய கொன்ஸ்தாபிள்களைப் பற்றியது. மற்ற இடங்களைப் போலன்றி அங்கு பொலிஸாரிடம் துப்பாக்கி உண்டு. மக்களில் ஒரு பகுதியினர் நெடுங்காலம் ஏற்க மறுத்த ஒரு படையை, அங்குள்ள பொலிஸைச் சீர்திருத்துவது பற்றிய 1999ஆம் ஆண்டின் பட்டன் அறிக்கைக்குப் பின், 2001இல் பெயர் மாற்றி மறுசீரமைத்து, கத்தோலிக்கரையும் ஏனையோரையும் பாதிக்குப் பாதி சேர்த்துக்கொள்ளும் விதியைப் பத்து வருடம் கடைப்பிடித்தார்கள். அத்தனைக்கும் பிறகு, தொடரில் வரும் அன்னி என்ற கத்தோலிக்க இளம் கொன்ஸ்தாபிள் தன் வேலையை ஊராரிடம் மறைத்துத்தான் வாழ்கிறாள். இலங்கையின் வடக்கு கிழக்கில் தமிழ் பேசும் பொலிஸார் எப்போது போதுமான அளவில் வருவார்கள், வந்தாலும் சனம் அவர்களிடம் போகுமா என்று ஊரில் கேட்கப்படும் கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்கிறேன். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அதைப் பற்றி ஊரிலுள்ள தம்பியோடு தொலைபேசியில் நீண்ட நேரம் விவாதிப்பேன். அவன் என்னைப்போல நம்பிக்கையாகப் பேசுவதில்லை.