கடற்கரைப் பீரங்கித் தளத்தை அளந்து வரைதல்: பினாங்கில் நாங்கள் கடைப்பிடித்த முறை

பீரங்கியைப் பழைய இரும்பாகக் கழற்றிக்கொண்டு போனவர்கள்கூட அது நின்ற கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டு போகவில்லை. அங்கே எந்த வகைப் பீரங்கி நின்றது, எந்தக் கடல் வழியைப் பார்த்து நின்றது, குண்டும் வெடிமருந்தும் எப்படி மேலே வந்தன என்பதை அந்தக் கான்கிரீட்டைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. துப்புரவு செய்வதற்கு முன்னால் அளந்துவிட வேண்டும். நல்ல மனத்தோடு செய்யப்படும் துப்புரவுதான் இந்த இடங்களில் அதிகத் தடயங்களை அழித்திருக்கிறது.

பினாங்குத் தீவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் பத்து மவுங் குன்றுக் கோட்டை பலருக்கும் தெரியும். 2002 முதல் அது போர் அருங்காட்சியகமாக இருக்கிறது. தெற்குப் பக்கமாகத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைத் தடுக்க 1930களில் பிரிட்டிஷார் அதைக் கட்டினார்கள். எதிரி அந்தப் பக்கம் கப்பலில் வரவே இல்லை. 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கினார்கள். 11 அன்று ஜார்ஜ் டவுன் மீது குண்டு விழுந்தது. அதே நாட்களில் கெடாவில் ஜித்ரா தற்காப்பும் உடைந்தது. ஐரோப்பியரை ஏற்றிக்கொண்டு பிரிட்டிஷ் படை தீவை விட்டு வெளியேறியதும், கைவிடப்பட்ட நகரத்தில் பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக் கொடி ஏற்றியவர் நம்மவர், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. 19 அன்று ஜப்பானியப் படை தீவுக்குள் வந்தது. 1943 முதல் ஜெர்மானிய நீர்மூழ்கிகளும் பினாங்கைத் தளமாகப் பயன்படுத்தின. அதனால் இங்குள்ள எந்தப் போர்க்காலக் கட்டடத்திலும் பிரிட்டிஷ் வேலையோடு ஜப்பானியர் செய்த மாற்றமும் கலந்திருக்கலாம். அளப்பவர் அந்த இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

முதலில் அனுமதி. இடிபாடு பொது இடம் போலத் தெரியும், ஆனால் யாரோ ஒருவர் பெயரில் இருக்கும். நிலத்தின் லாட் எண்ணைக் கண்டுபிடித்து நில அலுவலகத்தில் தேடல் எடுத்தால் உரிமையாளர் பெயர் வரும். தனியார் நிலம் என்றால் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கேட்டுக்குக் காவலிருக்கும் பாக் சிக் (மலாய்ப் பெரியவர்) தலையாட்டினார் என்பது அனுமதி ஆகாது. காட்டு ஒதுக்கீடாக இருந்தால் வனத்துறையிடம் போக வேண்டும். சிவப்புப் பலகையில் ‘காவாசான் லாராங்கான்’ (தடைசெய்யப்பட்ட பகுதி) என்று இருந்தால் வேலிக்கு வெளியே நின்றுகூடப் படமெடுக்க வேண்டாம். அது 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் இடம். ட்ரோன் ஆசை எல்லோருக்கும் வரும். பத்து மவுங் பக்கம் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு மிக அருகில் இருப்பதால், விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் அங்கே பறக்கவிடக் கூடாது. எங்கள் வரைபடங்கள் எல்லாம் தரையில் நின்று அளந்தவைதான். ட்ரோன் இல்லாததால் எந்தக் குறையும் வரவில்லை.

தைப்பூசத்தை ஒட்டிய வாரங்கள் இந்த வேலைக்கு ஏற்றவை. தரை காய்ந்திருக்கும், லாலாங் புல்லும் அடங்கியிருக்கும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை நிலத்தடி அறைகளில் நீர் தேங்கும். எலி நடமாடும் இடத்தில் தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும், எனவே ரப்பர் பூட்ஸ் இல்லாமல் கால் வைக்காதீர்கள். வௌவால் எச்சம் காய்ந்து தூளானால் அதிலுள்ள பூஞ்சை நுரையீரலைப் பாதிக்கும். என்95 முகக்கவசம் கட்டாயம். சாதாரணத் துணிக் கவசம் போதாது. ஒரே வாசல் உள்ள, தரை தாழ்ந்த அறைக்குள் ஆக்சிஜன் அளவி இல்லாமல் இறங்கக் கூடாது. 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் அந்த அறையை அன்றைக்கு விட்டுவிடுங்கள். மெழுகுவர்த்தி எரிகிறதா என்று பார்ப்பது சோதனை ஆகாது. துருப்பிடித்த உருளையோ கூம்போ மண்ணிலிருந்து எட்டிப் பார்த்தால் தொடாமல், தோண்டாமல், இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு விலகி 999க்கு அழையுங்கள். போர்க்காலப் பொருள் வேறு எது கிடைத்தாலும் 2005 தேசியப் பாரம்பரியச் சட்டப்படி அறிவிக்க வேண்டும். பைக்குள் போட்டுக்கொண்டு வருவது திருட்டு.

இனி அளவை. 30 மீட்டர் நாடா, லேசர் மீட்டர், தூக்குக்குண்டு, 1 மீட்டர் அளவுகோல், மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாய், நல்ல டார்ச் ஆகியவை போதும். செலவான கருவிகள் இல்லாமலே 1:50 வரைபடத்துக்கு ஏற்ற துல்லியம் கிடைக்கும். முதலில் தளத்தைச் சுற்றி நான்கைந்து நிலைப் புள்ளிகளைத் தேர்ந்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அளந்துகொண்டே போய்த் தொடங்கிய இடத்துக்குத் திரும்புங்கள். 100 மீட்டர் சுற்றில் தொடக்கமும் முடிவும் 10 சென்டிமீட்டருக்குள் பொருந்தாவிட்டால், மேலே எதையும் வரையாமல் மறுபடி அளக்க வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் நான்கு சுவர்களோடு இரண்டு மூலைவிட்டங்களையும் எடுங்கள். மூலைவிட்டம் இல்லாத அறை தாளில் சதுரமாகவே வந்துவிடும், தரையில் அது கோணலாக இருந்தாலும்.

திசை பார்ப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பினாங்கில் காந்த விலக்கம் (காந்த முள் காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) ஒரு பாகைக்கும் குறைவு, அதனால் திசைகாட்டியை அப்படியே நம்பலாம் என்று தோன்றும். ஆனால் பீரங்கி மேடை முழுக்க இரும்புக் கம்பி. அதன் மேல் வைத்தால் முள் பல பாகை நகர்ந்துவிடும். கைப்பேசித் திசைகாட்டிக்கும் இதே கதிதான். மேடையிலிருந்து விலகிப் போய், ஒரே கோட்டை இரு முனைகளிலிருந்தும் பாருங்கள். இரண்டு அளவுக்கும் சரியாக 180 பாகை வித்தியாசம் வந்தால் அந்த இடம் சுத்தம். மரநிழலில் ஜிபிஎஸ் 5 முதல் 10 மீட்டர் வரை தவறும். தளம் எந்தக் குன்றில் இருக்கிறது என்று சொல்ல அது உதவும், சுவர் எங்கே இருக்கிறது என்று சொல்ல உதவாது.

பீரங்கி மேடையில் முதலில் தேட வேண்டியது போல்ட் வளையம். பீரங்கியின் இரும்பு அடிப்பீடத்தை இறுக்கிப் பிடித்த போல்ட்கள் கான்கிரீட்டுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். மேலே அறுத்துவிட்டிருந்தாலும் அடிக்கட்டை தெரியும். எத்தனை போல்ட், எதிரெதிர் போல்ட்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், ஒரு போல்ட்டின் தடிமன் என்ன ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பீரங்கியின் வகையைச் சொல்ல முடியும். வளையத்தின் விட்டத்தை மூன்று திசைகளில் எடுத்து ஒப்பிடுங்கள். பாதி மண் மூடிய வளையத்தை ஒரே திசையில் அளந்து முடிவுக்கு வந்தால் தவறான பீரங்கியை எழுதிவிடுவீர்கள். பிரிட்டிஷ் கடற்கரைத் தளங்களில் அதிகம் பயன்பட்டது 6 அங்குலப் பீரங்கி. குழாயின் உள்விட்டம் 152 மில்லிமீட்டர், ஒரு குண்டின் எடை 100 பவுண்டு, அதாவது 45 கிலோவுக்கு மேல். மருந்து தனியாகத் துணிப்பையில் வரும்.

இந்த 45 கிலோதான் கட்டடம் முழுவதற்கும் விடை. அந்தக் குண்டு கிடங்கிலிருந்து பீரங்கியின் பின்வாய் வரை எந்த வழியாக வந்திருக்கும் என்று ஒவ்வோர் அறையிலும் கேட்டுக்கொண்டே நடங்கள். குண்டுக்கு ஒரு கிடங்கு, மருந்துப் பைக்கு இன்னொன்று. தூக்கிக்கான செங்குத்துத் துளை, மேடைச் சுவரில் உடனடித் தேவைக்கான மாடங்கள், தீப்பொறி எழாத வழவழப்பான தரை, இரும்புக்குப் பதிலாகப் பித்தளை ஆணி, ஈரம் உள்ளே வராமல் இரட்டைச் சுவருக்கு நடுவே காற்று ஓடும் இடைவெளி என்று ஒவ்வொன்றும் அந்தப் பாதையில் ஒரு படி. பாதை ஓர் இடத்தில் அறுந்தால், அங்கே பிற்காலத்தில் அடைத்த சுவர் இருக்கிறதா என்று தேடுங்கள். கான்கிரீட் வார்க்க அடித்த பலகையின் தடம் திடீரென மாறும் கோடுதான் அடையாளம். அந்தத் தடங்கள் தெரிய டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்தால் எதுவும் தெரியாது.

கூரையில் கொக்கி இருந்தால் உடனே அதைத் தூக்கிலிட்ட அறை என்று சொல்லிவிடுகிறார்கள். குண்டு நகர்த்தும் அறைகளில் கப்பியும் தண்டவாளமும் தொங்கவிடக் கூரைக் கொக்கி தேவை. பெரும்பாலான கொக்கிகள் அதற்குத்தான். ஜப்பானியர் காலக் கொடுமை நம் குடும்பங்கள் அனுபவித்தது, அதில் சந்தேகமே இல்லை. அதனாலேயே, எந்த அறையில் என்ன நடந்தது என்பதை ஆதாரமில்லாமல் எழுதுவது இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதி என்று நினைக்கிறோம். பேய்க்கதைப் பலகைகள் மாட்டப்பட்ட சுவரில் ஆணி இறங்கிய இடமெல்லாம் கான்கிரீட் வெடித்திருப்பதும் வருத்தமானது.

கண்காணிப்புக் கூடம் ஏன் எப்போதும் உச்சியில் இருக்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. தொலைவு காணும் கருவி, கப்பலின் நீர்மட்டக் கோட்டைப் பார்க்கும் கண் எவ்வளவு கீழே சாய்கிறது என்பதை அளந்து தூரத்தைச் சொல்லும். கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் உயரத்தில் நின்று 5,000 மீட்டரில் உள்ள கப்பலைப் பார்த்தால் சாய்வு 1.15 பாகைதான். அதில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு தவறினாலே தூரத்தில் 70 மீட்டருக்கு மேல் பிழை வரும். உயரம் பாதியானால் பிழை இரட்டிப்பாகும். வற்றுக்கும் ஏற்றுக்கும் நடுவே கடல் 2 மீட்டர் மாறினால் அதே தூரத்தில் 100 மீட்டர் பிழை. எனவே நேரத்துக்கு நேரம் கடல் மட்டத்தைக் கணக்கில் சேர்த்தே அந்தக் கருவியைப் பயன்படுத்த முடியும். இதைத் தெரிந்துகொண்டு போனால் கூடத்தின் உயரத்தை ஏன் கவனமாக அளக்க வேண்டும் என்பது புரியும். கருவி நின்ற தூணின் மேற்பரப்பை நிலைப் புள்ளியோடு நீர்க்குழாயால் இணைத்துவிட்டு வாருங்கள். பார்வைத் திறப்பின் இரு ஓரங்களுக்கும் திசைக்கோணம் எடுத்தால், அந்தத் தளம் காத்த கடல் பகுதி வரைபடத்தில் விசிறியாக விரியும்.

அளவுகளை மீட்டரில் எடுத்து, வீட்டுக்கு வந்ததும் அடி அங்குலத்துக்கு மாற்றிப் பாருங்கள். பிரிட்டிஷ் வேலை முழு எண்ணில் வந்து விழும்: 2.44 மீட்டர் 8 அடி, 3.05 மீட்டர் 10 அடி, 4.57 மீட்டர் 15 அடி. முழு எண்ணில் வராத சுவர் பிற்காலப் பூச்சாகவோ ஜப்பானியர் காலச் சேர்க்கையாகவோ இருக்கலாம். அதுவே முடிவான சான்று ஆகாது, மறுபடி போய்ப் பார்க்க வேண்டிய சுவர் எது என்று காட்டும்.

சேதத்தை வரைபடத்திலேயே குறியுங்கள். கடல் காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் மேல்தோல் தகடுதகடாக உதிர்கிறது. தட்டினால் பொள்ளென ஒலிக்கும் பகுதிகளைச் சாக்கட்டியால் வட்டமிட்டுப் படமெடுத்து, தண்ணீரால் துடைத்துவிடலாம். சுவரில் இறங்கிய அத்தி, ஆல் வேரைப் பிடுங்கவே கூடாது. அந்த வேர்தான் உடைந்த துண்டுகளைப் பிடித்து வைத்திருக்கும். பாராங் கத்தியால் தண்டை மட்டும் வெட்டி, வேர் தானாகக் காய விட்டு, பொறியாளரைக் கேட்டபின் மேற்கொண்டு செய்யுங்கள். சாயம் அடிப்பது எல்லாவற்றிலும் மோசம். போர்க்காலத்தில் எழுதிய எண்களும் அம்புக்குறிகளும் மெல்லிய படலமாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. ஒரு பூச்சில் அவை போய்விடும்.

படங்களை ஒன்றின் மேல் ஒன்று முக்கால் பங்கு மேற்பொருந்துமாறு எடுத்தால் கணினியில் முப்பரிமாண உரு செய்யலாம். அளவுகோல் ஒன்றாவது ஒவ்வொரு தொகுப்பிலும் தெரிய வேண்டும். பிளாஷ் வேண்டாம். நிழல் இடம் மாறிக் கணக்கைக் குழப்பும்.

பழைய ஆவணங்களைக் கடைசியில்தான் திறக்கிறோம். லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் போர் அமைச்சின் கோட்டைப் பதிவேடுகள் டபிள்யூஓ 192 வரிசையிலும், வரைபடங்கள் டபிள்யூஓ 78 வரிசையிலும் இருக்கின்றன. முதலிலேயே பார்த்துவிட்டால் தாளில் இருக்கும் அறையைத் தரையிலும் கண் தேடும், தாளில் இல்லாததைத் தவறவிடும். கட்டத் திட்டமிட்டதும் கட்டி முடித்ததும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. வேலை முடிந்ததும் வரைபடத்தின் ஒரு நகலை நில உரிமையாளருக்கும், ஒன்றைப் பாரம்பரியத் துறைக்கும் கொடுத்துவிடுங்கள். கோப்பின் பெயரில் தளம், அறை எண், அளந்த தேதி மூன்றும் இருக்கட்டும். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதே புள்ளிகளில் நின்று மறுபடி படமெடுத்தால், எந்த விரிசல் வளர்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.