முக்கோண முத்திரை

இன்று ஒரு பழைய நோட்டு சேகரிப்பு ஆல்பத்தில் பார்த்தது: பிரேசிலின் 1000 குரூசாடோ (அந்நாட்டின் அப்போதைய பணம்) நோட்டு. எழுத்தாளர் மஷாடோ டி அசிஸ் படம், கூடவே ஒரு கறுப்பு முக்கோண முத்திரை. அதில் '1 குரூசாடோ நோவோ', அதாவது 1 புது குரூசாடோ.

1989-இல் மூன்று சைபரை வெட்டிவிட்டு, இருந்த நோட்டிலேயே புது மதிப்பைக் குத்தினார்கள்.

பணம் மாறியபோதெல்லாம் முத்திரையின் வடிவமும் மாறியது: 1986-இல் வட்டம், 1989-இல் முக்கோணம், 1990-இல் செவ்வகம், 1993-இல் மறுபடி வட்டம். நாலு தடவை!

முத்திரையின் ஓரத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்த போலி என்றால் புள்ளி புள்ளியாகச் சிதறியிருக்கும்.

முத்திரை இல்லாத அதே நோட்டையும் வாங்கி ஜோடியாக வையுங்கள்.

நோட்டை வைக்க பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். நாள்பட பிசுபிசுத்து நோட்டில் ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் என்ற வேறு வகை பிளாஸ்டிக் உறை நல்லது.

மடிப்பை எடுக்க இஸ்திரி போடுகிறவர்களை என்னவென்று சொல்ல? விலை அங்கேயே விழுந்துவிடும்.