ஈசிஜி போர்டில் 1000 என்று எழுதினால் அது 1000 ஆகிவிடாது
புதிதாக ஈசிஜி போர்டு செய்பவர்கள் கேட்கிற முதல் கேள்வி, சாம்ப்ளிங் ரேட், அதாவது ஒரு செகண்டுக்கு எத்தனை முறை சிக்னலை அளப்பது, எவ்வளவு வைக்கலாம் சார் என்பதுதான். அந்த அளவீட்டுக்குத் தாளம் போடும் க்ளாக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை, போர்டில்தான் ஒரு கிரிஸ்டல் இருக்கிறதே, அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்விதான். ரேட்டை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு எந்த க்ளாக் சரியாக வகுபடும் என்று தேட வேண்டும். கையில் இருக்கிற க்ளாக் தருகிற ரேட்டை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

முதலில் ரேட். பெரியவர்களுக்கு 150 ஹெர்ட்ஸ் வரை, குழந்தைகளுக்கு 250 ஹெர்ட்ஸ் வரை சிக்னல் கெடாமல் வர வேண்டும் என்பது அமெரிக்க இதயச் சங்கத்தின் பரிந்துரை. 150-க்கு இரண்டு மடங்கு 300, ஆகவே 500 தாராளம் என்று, ரேட் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் போதும் என்கிற நைக்விஸ்ட் விதியைப் படித்த யாருக்கும் தோன்றும். சிக்மா டெல்டா வகை ஏடிசியில் (சிக்னலை எண்களாக மாற்றும் சிப்) அது அப்படி வேலை செய்யாது. பலரும் பயன்படுத்தும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஏடிஎஸ்1298 சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் சின்க் ஃபில்டர் என்கிற வடிகட்டி, ரேட்டில் சுமார் கால் பங்கைத் தாண்டியதுமே சிக்னலை 3 டெசிபல், அதாவது சுமார் 70 சதவீதத்துக்கு, இறக்கிவிடும். 500 வைத்தால் 131 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும், 150 வராது. 1000 வைத்தால் 262 ஹெர்ட்ஸ், குழந்தைகளுக்கும் போதும். கோப்பு பெரிதாகிறது என்றால் பெரியவர்களுக்கான பதிவை அப்புறம் மென்பொருளில் நல்ல ஃபில்டர் போட்டு 500-க்கு இறக்கிக்கொள்ளலாம்.

சரி, இப்போது க்ளாக். அந்தச் சிப் எதிர்பார்ப்பது 2.048 மெகா ஹெர்ட்ஸ். உயர் துல்லிய மோடில் அதை 4-ஆல் வகுத்தால் 512 கிலோ ஹெர்ட்ஸ், அதை 512-ஆல் வகுத்தால் சுத்தமாக 1000. மைக்ரோகண்ட்ரோலரின் 8 மெகா ஹெர்ட்ஸ் கிரிஸ்டலை நாலாக வகுத்து 2 மெகா ஹெர்ட்ஸைக் கொடுத்தாலும் சிப் மறுக்காது, ஓடும், திரையில் அலை அழகாகத்தான் இருக்கும். ஆனால் ரேட் 976.56 ஆகிவிட்டது. மென்பொருளோ ஒவ்வொரு சாம்பிளையும் 1 மில்லிசெகண்ட் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு 75 என்று துடிக்கிற இதயம் 76.8 என்று காட்டும், அதைக்கூட விட்டுவிடலாம். இதயத்தின் கீழறைகள் மின்னூட்டம் பெற்று மீள எடுக்கும் நேரமான க்யூடி இடைவெளி 400 மில்லிசெகண்ட் என்றால் 390.6 ஆகிவிடும், இதை விட முடியாது. ஒரு மருந்து க்யூடியை நீட்டுகிறதா என்று பார்க்கிற சோதனைகளில் 5 மில்லிசெகண்ட் அளவு நீட்சியே கவனிக்கப்படுகிறது, நாம் இங்கே 9 மில்லிசெகண்டுக்கு மேல் தின்றுவிட்டோம்.

இதே இடத்தில் கரண்ட் இரைச்சலும் வந்து சேர்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1000 ரேட்டில் ஒரு சுற்றுக்குச் சரியாக 20 சாம்பிள், 20 சாம்பிளுக்குச் சராசரி எடுத்தாலே 50 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். 976.56-ல் இரைச்சல் அழியும் அந்தப் பள்ளம் 48.83-க்கு நகர்ந்துவிடும், இரைச்சல் மிச்சம் நிற்கும். பாஸ்டனில் 1975 முதல் 1979 வரை பதிவான எம்ஐடி-பிஐஎச் என்கிற ஈசிஜி தரவுத்தொகுப்பு 360 ரேட்டில் இருப்பதற்குக் காரணமும் இதுதான். அங்கே 60 ஹெர்ட்ஸ், சுற்றுக்கு 6 சாம்பிள், அந்த ஒரு அலைவரிசையை மட்டும் நீக்கும் எளிய நாட்ச் ஃபில்டர் போதும். அந்த 360-ஐ அப்படியே எடுத்து நம் ஊரில் வைத்தால் சுற்றுக்கு 7.2 வரும், எதற்கும் பொருந்தாது.

உடலில் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் கருவி மாதிரி நாள் முழுக்கப் பதிவு செய்வதென்றால் இன்னும் கவனம் வேண்டும். சிப்பின் உள் ஆஸிலேட்டர் அறை வெப்பத்திலேயே அரை சதவீதம் தள்ளிப்போகலாம், 24 மணி நேரத்தில் அது 7 நிமிடத்துக்கு மேல். நோயாளி மூன்று மணிக்குப் படபடப்பு என்று டைரியில் எழுதியிருப்பார், பதிவில் அந்த இடம் வேறெங்கோ கிடக்கும். 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை) கிரிஸ்டல் ஆஸிலேட்டர் போட்டால் ஒரு நாளில் இரண்டு செகண்டுக்குள் நிற்கும். வாட்ச் கிரிஸ்டலின் 32.768 கிலோ ஹெர்ட்ஸ் மலிவுதான், ஆனால் அது 256 ரேட்டுக்குத்தான் வகுபடும், 250-க்கு வகுபடாது. 256-ல் கரண்ட் சுற்றுக்கு 5.12 சாம்பிள், மறுபடி பழைய தலைவலி. அதனால் நான் 2.048 மெகா ஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் ஒன்றைத் தனியாகவே போடச் சொல்வேன். சாம்பிளை எடுக்க மைக்ரோகண்ட்ரோலரில் தனி டைமர் ஓட்டவும் வேண்டாம். புது சாம்பிள் தயார் என்று சொல்லும் ஏடிசியின் டேட்டா ரெடி பின் கீழே இறங்கும்போது படித்தால் போதும். இரண்டு க்ளாக் ஓடினால் எப்போதாவது ஒரு சாம்பிள் தவறும், அல்லது ஒன்றே இரண்டு முறை வரும்.

பேஸ்மேக்கர் கொடுக்கும் மின் துடிப்பைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக எல்லா சேனலின் ரேட்டையும் ஏற்றுகிறவர்களும் உண்டு. அந்தத் துடிப்பு பெரும்பாலும் 1 மில்லிசெகண்டுக்கும் குறைவு, 1000 ரேட்டில் நம்பிப் பிடிக்க முடியாதுதான். அதற்கென்றே இந்தச் சிப்பில் தனி அனலாக் வெளியீடு இருக்கிறது, அதில் ஒரு கண்டறியும் சர்க்யூட் வைப்பது மேல்.

போர்டு வந்ததும் முதல் வேலையாக, டேட்டா ரெடியை எண்ணும் ஒரு கவுன்டர் எழுதி, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து 10 நிமிடம் ஓட விடுங்கள். 6,00,000-க்குப் பக்கத்தில் வர வேண்டும். 5,85,900 சொச்சம் வந்தால் எங்கோ 2 மெகா ஹெர்ட்ஸ் ஓடுகிறது, 6,03,000 என்றால் உள் ஆஸிலேட்டர் இன்னும் அணைக்கப்படவில்லையா என்று பாருங்கள்.