ஃபோர்ஜ்டு பார் வேறு, ஃபோர்ஜிங் வேறு

மெட்டீரியல் சான்றிதழ்களில் எனக்குப் பிடிக்காத குறி ஒன்று உண்டு. சாய்கோடு. "ஃபோர்ஜ்டு / ரோல்டு ரவுண்டு பார்" என்று படிவத்திலேயே அச்சடித்து வைத்திருப்பார்கள். ரவுண்டு பார் என்றால் வட்டக் கம்பி; ஃபோர்ஜ்டு என்றால் சூடாக்கி அடித்தோ அமுக்கியோ செய்தது, ரோல்டு என்றால் உருளைகளுக்கு நடுவே விட்டு உருட்டியது. இரண்டில் எது என்று ஒன்றை அடித்துவிட யாருக்கும் நேரம் இருக்காது. வந்திறங்கும் இரும்பைப் பரிசோதித்து உள்ளே விடுவதுதான் 18 வருடமாக என் வேலை. அந்த ஒரு சாய்கோட்டுக்காக நான் பண்ணிய ஃபோன்களுக்குக் கணக்கில்லை.

போன மாதமும் அதே கதைதான். ஒரு ஷாஃப்ட்டுக்கு 100 மி.மீ. ரவுண்டு. வரைபடத்தில் ஃபோர்ஜ்டு பார் என்று இருக்கிறது, வந்தது ரோல்டு பார். வடிவமைப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தம்பி வந்து பார்த்துவிட்டு, "சார், ஃபோர்ஜிங்தான் பலம். இதைத் திருப்பி அனுப்பிடுங்க" என்றார். ஏன் பலம் என்று கேட்டேன். "கிரெயின் ஃப்ளோ சார்."

அந்த வார்த்தையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். மரத்தில் நாரோட்டம் இருப்பது போல, சூடாக வைத்து இழுத்த இரும்பிலும் ஓட்டம் உண்டு. உள்ளே இருக்கும் மாங்கனீசு சல்ஃபைடு போன்ற கசடுகள் இழுத்த திசையில் நூல் நூலாக நீண்டுவிடும். நூல் வாக்கில் இழுத்தால் இரும்பு நன்றாகத் தாங்கும். குறுக்கே இழுத்தால் நீட்சியும் தாக்கு வலிமையும் குறையும். இதுவரை சரி. ஆனால் கிரெயின் ஃப்ளோ வடிவத்தைச் சுற்றி வளைந்து போவது, அச்சில் வைத்து அந்தப் பொருளையே அடித்து உருவாக்கும்போதுதான். கிராங்க் ஷாஃப்ட்டிலும் கொக்கியிலும் காட்டுவார்களே, அந்தப் படம் அதுதான். நேராக நீட்டி அடித்த ஃபோர்ஜ்டு பாரில் ஓட்டம் எப்படி இருக்கும்? ரோல்டு பாரில் இருப்பது போலவே, நீளவாக்கில் நேராக. இரண்டையும் கடைசலில் ஏற்றி ஷாஃப்ட்டாகக் கடைந்தால் ஓட்டத்தைப் பொறுத்தவரை வித்தியாசம் ஒன்றும் இல்லை.

அப்புறம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். இந்தப் பார் 310 மி.மீ. வட்ட வார்ப்பிலிருந்து உருட்டியது என்று ஆலை எழுதியிருந்தது. 310-ஐ 100-ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் சுமார் 9.6. அதாவது குறுக்குப் பரப்பு ஒன்பதரை மடங்கு சுருங்கியிருக்கிறது. இதையே 400 மி.மீ. இங்காட்டை (வார்ப்புக் கட்டியை) அடித்து 300 மி.மீ. ஃபோர்ஜ்டு பாராக ஆக்கியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: வெறும் 1.8 மடங்கு. பல கொள்முதல் விவரக்குறிப்புகள் குறைந்தது 3 மடங்கு கேட்கும், சில 4 கேட்கும். 1.8-இல் நடுவில் இருக்கும் வார்ப்பு நுண்துளைகள் மூடியிருக்கும் என்று நான் நம்பமாட்டேன், பெயரில் ஃபோர்ஜ்டு என்று இருந்தாலும்.

இதனால் ஃபோர்ஜிங் வீண் என்று சொல்லவில்லை. விட்டம் பெரிதாகப் பெரிதாக, உருளைகளின் அழுத்தம் மேல்பரப்போடு நின்றுவிடும். பிரஸ்ஸில் நன்றாக ஆழமாகக் கடித்து அமுக்கினால்தான் நடுப்பகுதி வேலை வாங்கப்படும். பெரிய விட்டங்களில் என் ஓட்டு ஃபோர்ஜிங்குக்குத்தான். 100 மி.மீ.க்கு இல்லை.

தம்பி உடனே "அப்போ ஏத்துக்கலாமே சார்" என்றார். அதுவும் முடியாது. வரைபடம் ஃபோர்ஜ்டு என்று சொல்லும்வரை என் கையெழுத்து விழாது. அவர் விலகல் அனுமதி எழுதினார், அல்ட்ராசோனிக் சோதனை முடித்தோம், பார் உள்ளே போனது.

இதற்கு நேர் எதிரான சம்பவமும் ஒன்று உண்டு. கொஞ்ச வருடம் ஆகிறது. ஏ105 (ஃபோர்ஜ்டு கார்பன் எஃகுப் பாகங்களுக்கான அமெரிக்கத் தரநிலை) என்று முத்திரை அடித்த பிளைண்ட் ஃபிளேஞ்ச்சுகள், அதாவது குழாயின் வாயை அடைக்கும் மூடிகள், வந்தன. வேதியியல் சரி. இழுவிசை வலிமை குறைந்தது 485 மெகாபாஸ்கல் வேண்டும், அதுவும் சரி. கடினத்தன்மையும் வரம்புக்குள். ஆனால் சூட்டில் அடிக்கும்போது படியும் கருஞ்செதில் பின்பக்கத்தில் கொஞ்சம்கூட இல்லை, எல்லாப் பக்கமும் பளபளவென்று கடைசல் தடம். அப்படி இருந்தாலே தப்பு என்று இல்லை, இருந்தாலும் கை அரித்தது. ஒன்றைக் குறுக்கே அறுத்து, பாதி ஹைட்ரோகுளோரிக் அமிலம் பாதி தண்ணீர் கலந்து, 75 டிகிரியில் இருபது நிமிடம் போட்டோம். வெளியே எடுத்தபோது ஓட்டக் கோடுகள் முன்முகத்திலிருந்து பின்முகம்வரை சீப்பால் வாரியது போல நேராக நின்றன. நட்ட நடுவில் கறுப்பாக ஒரு கீற்று. பாரைத் துண்டு போட்டுக் கடைந்திருக்கிறார்கள்.

இந்த மூடி குழாயின் வாயில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். அந்த நடுக்கீற்று ஒரு முனையில் உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் மறுமுனையில் வெளிக்காற்றையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கசிய வேண்டுமென்றால் அதைவிட நேரான வழி கிடையாது. வெற்றிடக் கருவிகள் செய்பவர்களுக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம். செர்ன் ஆய்வகம் தன் அதிவெற்றிட ஃபிளேஞ்ச்சுகளுக்கு, மறு உருக்கு செய்த 316எல்என் ரகத் துருவேறா எஃகை மூன்று திசைகளிலும் திருப்பித் திருப்பி அடித்த கட்டிகளைத்தான் கேட்கிறது. நூல் ஒரே பக்கமாக ஓடக்கூடாது என்பதற்காக.

சப்ளையர் தரப்பு வாதம் என்ன தெரியுமா? "டெஸ்ட் எல்லாம் பாஸ்தானே." பாஸ்தான். பாரில் இழுவிசைத் துண்டை வழக்கமாக நீளவாக்கில் எடுப்பார்கள். பார் தன் நல்ல முகத்தைக் காட்டும் திசை அது. ஏ105-உம், கலப்பு எஃகுக்கும் துருவேறா எஃகுக்குமான ஏ182-உம் இந்த இடத்தில் தெளிவாகவே இருக்கின்றன. எந்த வகை ஃபிளேஞ்ச்சையும் பாரிலிருந்து நேரடியாகக் கடையக்கூடாது. எல்போ, டீ போன்ற குழாய் இணைப்புகளையும் கூடாது. உள்ளீடற்ற உருளை வடிவச் சிறு பாகங்கள் போன்ற சிலவற்றுக்குப் பார் போகலாம், பாகத்தின் நீளம் ஓட்டத்தின் வாக்கில் இருந்தால். ரோல்டா ஃபோர்ஜ்டா என்பதே இங்கே பேச்சு இல்லை என்பதைக் கவனியுங்கள். ஏ182-இன் தலைப்பிலேயே ஃபோர்ஜ்டு அல்லது ரோல்டு என்று இருக்கிறது. ஃபோர்ஜ்டு பாரைக் காட்டி ஃபிளேஞ்ச் கடைந்து தந்தாலும் அது பார்தான். (உருளைகளால் வளையம் செய்யும் ரிங் ரோலிங்கை, ஃபோர்ஜிங்குகளுக்கான பொதுத் தரநிலையான ஏ788 ஃபோர்ஜிங் கணக்கில் சேர்க்கிறது, பெயரில் ரோலிங் இருந்தாலும். பெயரை வைத்து முடிவு செய்பவர்களை ஏமாற்றவென்றே எழுதியது போல இருக்கும்.)

துருவேறா எஃகில் குழப்பம் இன்னும் நைசாக வரும். 316 என்ற ரகத்தில் சாதாரணப் பாருக்கு ஏ276, அழுத்தக் கலன்களுக்கான பார் என்றால் ஏ479, ஃபோர்ஜிங் என்றால் ஏ182-இன் எஃப்316. வேதியியல் ஏறக்குறைய ஒன்றே. வலிமை எண்களும் ஒன்றே, இழுவிசை வலிமை 515, ஈல்டு வலிமை 205 மெகாபாஸ்கல். பரப்புச் சுருக்கம் (சோதனைத் துண்டை இழுத்து அறுக்கும்போது அறுந்த இடம் சுருங்கும் அளவு) மட்டும் ஏ479-இல் 40 சதவீதம், எஃப்316-இல் 50. அதனால் ஒரே சான்றிதழில் மூன்று எண்களையும் வரிசையாகப் போட்டு, ஏ182-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "வேதியியல் மட்டும்" என்று எழுதி அனுப்புவார்கள். அந்தப் பொடி எழுத்தைப் படிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

இப்போதெல்லாம் ஆர்டரில் ஃபோர்ஜ்டு, ரோல்டு என்பதோடு விடுவதில்லை. தொடக்க வார்ப்பின் அளவு, சுருக்க விகிதம், சோதனைத் துண்டு எடுத்த இடமும் திசையும், இவையும் சான்றிதழில் வர வேண்டும் என்று எழுதுகிறேன். நேற்று ஒருவர் ஃபோன் செய்தார். "சார், விகிதம் எல்லாம் யாருமே கேட்கிறதில்லையே, நீங்க மட்டும் ஏன்?" ஆலையைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். சாயங்காலம் மறுபடி அழைத்தார். "2.1 சார். வேற ஹீட்ல உருக்கின பார் பார்க்கட்டுமா?"