தர்ப்பையில் படுத்த ராமர்

ஆடி அமாவாசைக்கு முந்தின ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கியதில்லை. மூணு மணிக்கே அப்பத்தா எழுப்பிவிடும். "எந்திரி அப்பு, சேதுக்குப் போகணும்ல" என்று காதோரம் சொல்கிற அந்தக் குரல் இன்னமும் எனக்குக் கேட்கிறது.

எங்கள் வீடு ராமநாதபுரத்தை ஒட்டிய பட்டணம்காத்தானில். இன்றைக்கு அங்கே வீடும் கடையும் நெருக்கியடிக்கின்றன. என் சிறு வயதில் வாசலில் நின்றால் பனைமரங்கள் தெரியும், கொல்லைக்குப் பின்னால் கருவக்காடு. கிணற்றுத் தண்ணி உப்பு. நல்ல தண்ணிக்குக் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியோடு அம்மா போகும். பின்னால் தள்ளிக்கொண்டு நானும் போவேன். மேட்டில் ஏறும்போது ஒரு சொட்டு சிந்தினாலும் மனசு பதறும். குளிக்க ஆளுக்கு அரை வாளிதான். அதனாலேயே சேதுக்கரை என்றால் எனக்கு முதலில் சாமி இல்லை, தண்ணி. கண்ணுக்கெட்டும் மட்டும் தண்ணி!

ராமர் பாலம் கட்டத் தொடங்கிய இடம் சேதுக்கரை என்பது நம்பிக்கை. கடலைப் பார்த்தபடி ஆஞ்சநேயர் நிற்கிறார். ஆடிக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். அப்பா கரையில் உட்கார்ந்து தாத்தாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுவார். துண்டைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன். அப்பத்தா கடலைப் பார்த்தே இருக்கும். "புயலடிச்சு தனுஷ்கோடி போச்சுல்ல, அதுக்கு மறு வருசம் உங்கப்பன் பொறந்தான்" என்று எப்போதாவது சொல்லும். 1964 என்று அதற்குச் சொல்லத் தெரியாது. எல்லார் வயசையும் அந்தப் புயலை வைத்தே கணக்குப் போடும்.

முழுகி எழுந்து, உப்பு காய்ந்த உடம்போடு திருப்புல்லாணிக்கு வருவோம். 108 திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடிய தலம். தசரதர் பிள்ளை வரம் வேண்டி வந்த இடம் என்பதால் இங்கே பால் பாயசம் பிரசாதம். ஆதிஜெகந்நாதரை அப்பத்தா கண்மூடிக் கும்பிடும்போது என் நினைப்பெல்லாம் பாயசத்தில் இருக்கும்.

ஆனால் என்னை அசையவிடாமல் நிறுத்தியது சயன ராமர் சன்னதி. கடல் வழி விடவேண்டி ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்துக் கிடக்கிற கோலம். கூடச் சீதை கிடையாது. ஏழு வயசிருக்கும் எனக்கு, கேட்டேன்: "ராமருக்குப் புல்லு குத்தாதா அப்பத்தா?"

"குத்தத்தான் செய்யும் அப்பு. பொண்டாட்டியத் தேடிப் போறவுகளுக்கு மெத்தையில ஒறக்கம் வருமா?"

ராமாயணம் பற்றி எத்தனையோ உபன்யாசம் கேட்டுவிட்டேன். அந்த ஒரு வரி போல எதுவும் உள்ளே இறங்கவில்லை.

இந்த ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரைக்கு நான் தனியாகத்தான் போனேன். அப்பாவும் இல்லை, அப்பத்தாவும் இல்லை. ஐயர் தர்ப்பையை முறுக்கி என் மோதிர விரலில் மாட்டிவிட்டு, "அப்பத்தா பேரைச் சொல்லுங்க" என்றார். வாய் வரவில்லை. ஆயுசுக்கும் அப்பத்தா என்று மட்டுமே கூப்பிட்டிருக்கிறேன். மெல்லச் சொன்னேன். மூன்று தடவை சொல்லச் சொன்னார். மூன்றாவது தடவை குரல் உடைந்துவிட்டது. எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் வழிந்து மணலில் இறங்கின.

முழுகி எழுந்து பவித்திரத்தைக் கழற்றினேன். விரலைச் சுற்றிப் புல் அழுத்திய சிவந்த தடம், ஒரு சின்னக் கீறல். கடல் உப்பு அதில் பட்டு எரிந்தது.

திருப்புல்லாணி வந்து சயன ராமர் முன்னால் கைகூப்பி நின்றபோதும் அந்த எரிச்சல் போகவில்லை.