ஆக்ரிக்குப் போன வாக்குவம் கிளீனர்

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வீட்டில் எல்லோரும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு சுருளிக்குப் போய்விட்டார்கள். நான் குமுளியிலேயே தங்கிவிட்டேன். ஓணத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. வீடுகளை ஒழித்துச் சுத்தம் செய்கிற காலம், பழைய சாமான்கள் ஆக்ரிக் கடைக்கு வர ஆரம்பித்துவிடும். கீழே கம்பத்தில் காயலான் கடை என்று சொல்வதை, மலையேறி வந்ததும் ஆக்ரிக் கடை என்போம்.

நான் உள்ளே நுழைந்தபோது கடைக்காரர் கையில் சுத்தியல் இருந்தது. அவர் காலடியில் நீளமான உருளை ஒன்று, அடியில் சறுக்குக்கட்டை போல இரண்டு இரும்புப் பட்டைகள். தூசியைத் துடைத்ததும் எலெக்ட்ரோலக்ஸ் என்ற எழுத்து தெரிந்தது. பழைய வாக்குவம் கிளீனர். "சேட்டா, உடைக்காதீங்க!" என்று கத்தியே விட்டேன். மோட்டாரில் செம்பு இருக்கிறதே என்றார். இருக்கிறதுதான். உடைத்தால் செம்பு தனி, அலுமினியம் தனி, தகடு தனி என்று மூன்று குவியலாகிவிடும், அவ்வளவுதான். 650 ரூபாய்க்கு முழுசாக வாங்கி வந்தேன். குழாயும் ஒரு வாய்த்துண்டும் வேறொரு மூட்டையில் கிடந்தன. தேடி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது.

பம்ப் மோட்டார் வைண்டிங்தான் எனக்குத் தொழில். இந்த மாதிரி மெஷின் கிடைத்தால் மட்டும் அன்றைக்கு வேறு வேலை ஓடாது. 1921இல் சுவீடனில் எலெக்ட்ரோலக்ஸ் கம்பெனி மாடல் ஐந்து என்ற உருளையை இப்படிப் பட்டைகள் மேல் வைத்து விற்றது. பின்னால் இழுத்துக்கொண்டே வீடு முழுக்கப் போகலாம். என்னிடம் இருப்பது அதே சாதியில் பிற்காலத்து மெஷின். தகட்டில் இங்கிலாந்தில் செய்தது என்று இருக்கிறது.

ஆகஸ்ட் 5

திறந்தேன். துணிப்பையின் அடித்தையல் ஒரு விரல் நுழையும் அளவுக்கு விட்டிருக்கிறது. மோட்டார் முழுக்கச் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி தூசி.

இந்த உருளை மெஷின்களில் காற்று முன்வாயில் நுழைந்து, பையைத் தாண்டி, அலுமினிய விசிறிகளைத் தாண்டி, அப்புறம் மோட்டாரின் மேலேயே பாய்ந்து பின்வாய் வழியாக வெளியேறும். மோட்டாரைக் குளிர வைப்பதும் அந்தக் காற்றுதான். பை கிழிந்தால் மோட்டார் குளிர்வதற்குப் பதிலாகத் தூசியைக் குடிக்கும். பேரிங்கின் கிரீஸ் அதோடு சேர்ந்து பசையாகும், சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கிற கார்பன் கட்டை அதன் இருப்பிடத்திலேயே இறுகிக்கொள்ளும். பத்துப் பதினைந்து மெஷின் திறந்திருக்கிறேன். வயசாகிச் செத்தது என்று ஒன்றைக் கூட என்னால் சொல்ல முடியாது. முக்கால்வாசி பை கிழிந்து செத்தவை. பத்து ரூபாய்த் தையலைப் பார்க்காமல் விட்டதால் ஆக்ரிக்கு வந்தவை. இதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தம் வருகிறது.

ஆகஸ்ட் 6

ஒயரை முழுசாகக் கழற்றிப் போட்டேன். ரப்பர் உறை கை பட்டதும் உதிர்கிறது. உள்ளே சிவப்பும் கறுப்பும் மட்டும், பச்சையே இல்லை. இரும்பு உடம்பு உள்ள மெஷினை எர்த் இல்லாமல் ஈரத் தரையில் இழுத்திருக்கிறார்கள். மூன்று கம்பி ஒயர் போட்டு உடம்போடு எர்த்தைப் பிடிக்கப் போகிறேன். பழமை கெட்டுவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஷாக் அடிக்கிற பழமை எனக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 9, சனி

மழை விடவில்லை. சுருளிலிருந்து உடம்புக்கு மின்சாரம் கசிகிறதா என்று காட்டும் 500 வோல்ட் மெக்கரை வைத்துப் பார்த்தால் 0.3 மெகா ஓம். குறைந்தது 1 ஆவது வேண்டும். சுருள் அறுந்திருக்கவில்லை, ஈரம் குடித்திருக்கிறது. வெயிலில் வைக்கலாம் என்றால் வெயில் எங்கே இருக்கிறது? ஒரு பெட்டிக்குள் 100 வாட் பல்பு போட்டு இரண்டு நாள் வைத்தேன், 0.5க்கு மேல் ஏறவில்லை.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். அவர் ஏலக்காய் ஸ்டோரில், அதாவது பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தும் இடத்தில், வேலை பார்க்கிறார். "முதல் எடுப்புக் காய் இப்பத்தான் ஸ்டோர்ல ஏறியிருக்கு. ஐம்பது டிகிரிக்கு மேல சூடு நிக்குது, கொண்டாடா" என்றார். பச்சைக் காயிலிருந்து முதலில் ஆவி நிறைய வரும், அது போய் முடிந்த பிறகு கடைசிச் சூட்டில் வைக்கலாம் என்று அவரே சொன்னார். மோட்டாரில் சுற்றும் ஆர்மேச்சரையும், அதைச் சூழ்ந்து நிற்கும் ஃபீல்டு காயிலையும் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன்.

ஆகஸ்ட் 11

18 மெகா ஓம்! இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன். ஆர்மேச்சர் ஏலக்காய் மணக்கிறது.

ஆகஸ்ட் 14

கம்யூட்டேட்டர் நாள். ஆர்மேச்சரின் முனையில் கார்பன் உரசும் வளையம் அது. அதன் செம்புப் பட்டைகள் கறுத்துப் போயிருந்தன. எமரித் தாளைத் தொடவே கூடாது. அதன் தூள் மின்சாரம் கடத்தும், பட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தால் நெருப்புப் பொறிதான். மெல்லிய கிளாஸ் பேப்பரை வைத்து, ஆர்மேச்சரைக் கையால் சுழற்றியே தேய்த்தேன். பிறகு உடைந்த ஆக்சா பிளேடைத் தீட்டி, பட்டைகளின் நடுவே மேலெழுந்திருந்த மைக்காவை ஒவ்வொரு பள்ளமாகக் கீழிறக்கினேன். கழுத்து வலி இன்னும் போகவில்லை.

இதற்கான கார்பன் எங்கேயும் கிடைக்காது. பெரிய டிரில்லிங் மெஷின் கார்பன் இரண்டை வாங்கி, தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தேன். இருப்பிடத்தில் தானாக வழுக்கி இறங்க வேண்டும், ஆடவும் கூடாது. பேரிங்கை வெர்னியரில் அளந்தால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு பேரிங் நம்பர் 608. பிள்ளைகள் ஓட்டும் ஸ்கேட்டிங் சக்கரத்தில் இருப்பதும் இதே 608தான். கம்பத்தில் சாதாரணமாகக் கிடைத்தது.

ஆகஸ்ட் 16

பை. இதற்குத்தான் அதிக நேரம் யோசித்தேன். கேன்வாஸ் போட்டால் காற்றுத் திணறும், மல் துணி போட்டால் தூசி தப்பிவிடும். துணியை வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். மூச்சுப் போக வேண்டும், ஆனால் மறுபக்கம் தூவிய முகப் பவுடர் துணியைத் தாண்டி வரக் கூடாது. கடைசியில் வெளியே டிரில், உள்ளே பிளானல் என்று இரண்டு அடுக்கு. டெய்லர் அக்கா எதற்கு என்று கேட்கவில்லை. பழைய பையைப் பிரித்துப் பார்த்து அதே அளவில் வெட்டி, அடித்தையலை மூன்று முறை ஓட்டினார். எண்பது ரூபாய் வாங்கினார். நூறு கொடுத்ததற்கு மீதியைக் கையில் திணித்துவிட்டார்.

ஆகஸ்ட் 20

நூறு வாட் பல்பை சீரீஸில் போட்டு முதல் ஓட்டம். சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்தது, மோட்டார் சுற்ற ஆரம்பித்ததும் கொஞ்சம் மங்கியது. ஷார்ட் இல்லை. பிறகு நேரடியாகக் கொடுத்தேன். இரண்டு நிமிடம் கார்பனில் நீலப் பொறி தெறித்தது, படியப் படியக் குறைந்தது. அந்த ஓசையைப் பிள்ளையார் சதுர்த்தி நாதஸ்வரம் மாதிரி நின்று கேட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று கடைக்கு வண்டிப்பெரியாறுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா வந்தார், மகனுடைய மிக்ஸியைக் காட்ட. மேசையில் இருந்த உருளையைப் பார்த்ததும் மிக்ஸியை மறந்துவிட்டார்.

"இது பங்களாச் சாமான் இல்ல தம்பி?"

லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். இருபது வயதிலிருந்து எஸ்டேட் பங்களாவில் வேலை பார்த்தாராம். துரை என்று சொன்னதால் வெள்ளைக்காரரா என்று கேட்டேன். இல்லையாம். மேனேஜர் யாராக இருந்தாலும் அவர்களுக்குத் துரைதான். துரைசானி நாயைக் குளிப்பாட்டிவிட்டு, குழாயைக் கழற்றிப் பின்வாயில் மாட்டி அந்தக் காற்றில் முடியை உலர்த்துவாராம். பின்வாய்க்கும் குழாய் ஏன் பொருந்துகிறது என்பதற்கு நான் பெயிண்ட் அடிக்கும் துணைக்கருவியை மட்டும்தான் நினைத்திருந்தேன்.

"ஓட்டிப் பாருங்க பெரியம்மா" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு, கால் விரலால் சுவிட்சைத் தட்டினார். கடையில் கிடந்த பாயின் மேல் அவர் கை போன விதத்தைப் பார்க்க வேண்டும். அழுத்தவே இல்லை, தடவிக்கொண்டே போனார். பாய் ஓரம் வாயில் ஒட்டியதும் ஓசை கீச்சென்று ஏறியது. சட்டென்று தூக்கிவிட்டார். "சத்தம் ஏறுச்சுன்னா அடைச்சிருக்குன்னு அர்த்தம். ஓட விடக் கூடாது, சூடாயிரும்."

அடைபட்டால் மோட்டார் திணறித்தான் கத்துகிறது என்று எல்லோரும் நினைப்பார்கள். உண்மை நேர்மாறு. தள்ளுவதற்குக் காற்று குறைவதால் சுமை குறைகிறது, அதனால் வேகம் கூடுகிறது. ஆனால் குளிர வைக்கும் காற்றும் இல்லாமல் போவதால் சூடேறுகிறது. நான் மோட்டாரைப் பிரித்துக் கற்றதை அவர் காதால் கேட்டே வைத்திருக்கிறார்.

அப்புறம் பையைக் கழற்றச் சொன்னார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தையல் நல்லா இருக்கு. அடியில ஒரு நாடா வளையம் இருக்குமே, எங்க?"

பழைய பையின் கிழிந்த அடியில் நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. கிழிசல் என்று நினைத்து விட்டுவிட்டேன். அந்த வளையத்தில் விரலைக் கோத்துத்தான் பையை உள்வெளியாகத் திருப்பிச் சுவரில் அடிப்பார்களாம். இல்லையென்றால் தூசி முழுக்கக் கையிலும் மூக்கிலும். அதுவும் பை பாதி நிறைந்ததுமே தட்டிவிட வேண்டுமாம்.

மிக்ஸிக்குக் காசு வாங்கவில்லை. நாளைக் காலை டெய்லர் அக்கா கடை திறந்ததும் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.