டைனமோவில் கேட்ட பாட்டு

எங்கள் வீட்டு றேடியோ சைக்கிளில்தான் பாடியது. கொழும்பில் வளர்ந்த மச்சாளின் பிள்ளைகளிடம் போன மாதம் இதைச் சொன்னபோது அவர்களுக்கு விளங்கவே இல்லை, சைக்கிளில் றேடியோவைக் கட்டிக்கொண்டு ஊர்சுற்றினோம் என்று நினைத்துவிட்டார்கள். அதனால்தான் இருந்து எழுதுகிறேன்.

1996 ஆடியில் சண்டை வந்து கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு ஸ்கந்தபுரத்தில் ஒரு பாலை மரத்துக்குக் கீழே கொட்டில் போட்டு இருந்தோம். எனக்குப் பதினொரு வயது. வன்னியில் கரண்ட் இல்லாமல் போய் அப்போதே ஆறு வருசம். பற்றரி அரசாங்கத்தின் பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்த சாமான், ஓமந்தைக்கு அங்கால் ஏதோ ஒரு வழியால் ஒன்றிரண்டு வந்தாலும் அதன் விலையைக் கேட்டுவிட்டு அம்மா பேசாமல் திரும்பி வந்துவிடுவா. செத்த பற்றரியை வெயிலில் காயவைப்பது, ஆணியால் துளைபோட்டு உப்புத்தண்ணி விடுவது எல்லாம் எல்லா வீட்டிலும் நடந்தது. அரை மணித்தியாலம் முனகும், பிறகு அதுவும் போய்விடும்.

சித்தப்பா கிளிநொச்சிப் பஜாரில் றேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தவர். கடையை விட்டுவிட்டு வரும்போது ஒரு பிஸ்கற் ரின் நிறையப் பழைய றேடியோக்களின் உள் சாமான்களை மட்டும் கொண்டுவந்தார். அம்மம்மா அதற்காக அவரை எவ்வளவு ஏசினா தெரியுமா, ஒரு சருவக்குடமாவது கொண்டுவந்திருக்கலாமே என்று. ஆனால் அந்த ரின்தான் எங்களுக்குப் பாட்டுத் தந்தது.

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார், சீற்றும் ஹாண்டிலும் நிலத்தில். சைக்கிள் லைற்றுக்கு மின்சாரம் தருகிற டைனமோ பின் சில்லில் உரசும். பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டைனமோ 6 வோல்ட் தரும், நாலு பற்றரி போடுகிற றேடியோவுக்கு அது கணக்குச் சரி, ஆனால் வருவது ஆடலோட்டம், முன்னும் பின்னுமாக மாறி மாறி ஓடுகிற மின்சாரம், றேடியோவுக்கு அது ஆகாது. அதை ஒரே பக்கமாக ஓடவைக்க நாலு டையோட்டைக் கோத்து நடுவில் போட்டார். முதல் நாள் பாட்டோடு சேர்ந்து "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சலும் வந்தது, சில்லுக் கெதியாகச் சுற்றினால் அந்த இரைச்சல் மேலே ஏறும், மெதுவானால் கீழே இறங்கும், பாட்டுக்காரரோடு போட்டிக்குப் பாடுவது போல. ரின்னைக் கிளறி ஒரு பெரிய கப்பாசிற்றரைத் தேடியெடுத்துப் போட்ட பிறகுதான் அடங்கியது. கூடவே ஒரு சின்ன ரோச் பல்ப்பும் கொழுவியிருந்தார். அது வெள்ளையாக எரிந்தால் அளவுக்கு மிஞ்சிச் சுற்றுகிறோம், றேடியோ எரிந்துவிடும். மஞ்சளாக எரிந்தால் சரி. அந்த மஞ்சள் வெளிச்சத்தில்தான் நான் என் பாட்டுக் கொப்பியை எழுதினேன்.

கொழும்பு வானொலியில் காலமையில் பொங்கும் பூம்புனல், பொழுதுபட்டால் மத்திய அலையில் திருச்சி, சிற்றலையில் பிலிப்பைன்ஸிலிருந்து வெரித்தாஸ், புலிகளின் குரல், இரவில் பிபிசி தமிழோசை. இதுதான் எங்கள் நாள். தமிழோசை 9.15க்கு. அந்த வருசம் கொழும்பு அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது, வன்னியில் அதை ஏற்கவில்லை, அதனால் எங்களுக்குப் பழைய நேரம், கொழும்புக்குப் புது நேரம். கொழும்பு அறிவிப்பாளர் நேரம் சொல்லும்போதெல்லாம் அரை மணித்தியாலத்தைக் கழித்துப் பார்ப்போம். 2006 சித்திரை வரைக்கும் இப்படி இரண்டு நேரம் இருந்தது. ஒன்பது மணிக்கே பக்கத்துக் கொட்டில்காரர் பாயோடு வந்துவிடுவார்கள். "தம்பி, சுத்தடா, ஆனந்தி அக்கா வரப்போறா" என்று அம்மம்மா சொல்லுவா, தமிழோசையில் பேசுகிற ஆனந்தி ஏதோ எங்கள் படலையடியில் நிற்பது போல. செய்தி நேரத்தில் பெரியவர்கள் முறைவைத்துச் சுற்றுவார்கள். பாட்டென்றால் தம்பிதான்.

செய்தியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது பாட்டைப் பற்றி. சினிமாப் பாட்டு எங்கும் கிடைத்தது, அதில் எனக்குக் குறையும் இல்லை, ஆனால் என்னைப் பிடித்து வைத்தது ஈழத்து மெல்லிசையும் பொப்பும்தான். எஸ்.கே.பரராஜசிங்கத்தின் குரல் கொழும்பு வானொலியில் எப்போதாவது வரும், சித்தப்பா உடனே எல்லாரையும் வாய்மூடச் சொல்லிவிடுவார். பொப் இன்னொரு மாதிரி. நித்தி கனகரத்தினம் 1960களின் கடைசியில் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு எங்கட பேச்சுத் தமிழிலேயே பாடத் தொடங்கியவர், ஏ.ஈ.மனோகரன் பைலா என்கிற இலங்கை ஆட்டப்பாட்டு மெட்டைக் கொண்டு கடல் தாண்டிப் போனவர். பாட்டென்றால் அது மதராஸ் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அம்மம்மா கோழி கலைக்கிற அதே தமிழில் ஒருத்தர் பாடலாம் என்பது பெரிய அதிசயமாக இருந்தது. சினிமாவுக்குப் பிறகு வைத்து எண்ணுகிற இரண்டாந்தரச் சரக்கு அது என்று இப்போதும் சிலர் எழுதுகிறார்கள். நான் அதை ஒருநாளும் ஏற்கமாட்டேன். எங்கள் ஊர்ப்பேச்சுக்கு மேடையில் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள்.

மல்லாவியிலிருந்து ஒரு அண்ணை பொப் கசெற் ஒன்று இரவல் தந்தார், ஒரு கிழமைக்கு. கசெற் போட்டால் டைனமோ திணறும். றேடியோவுக்குக் கொஞ்ச மின்சாரம் போதும், கசெற்றுக்கு மோட்டர் சுற்ற வேண்டுமே. தம்பியின் கை உளையத் தொடங்கினால் பாட்டுக்காரரின் குரல் தடித்து, இழுபட்டு, நித்திரைக்குப் போகிற கிழவனின் குரலாகிவிடும். "டேய் சுத்தடா!" என்று எல்லாரும் கத்துவோம், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்ற, குரல் மெல்ல மெல்ல இளமையாகி மேலே வரும், கைதட்டுவோம். ஒரு கிழமையில் அந்தக் கசெற்றை எத்தனை தரம் கேட்டோமோ, இன்றைக்கும் அந்தப் பாட்டுகளை ஒழுங்கான வேகத்தில் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பிழையாகத்தான் கேட்கிறது. மூன்றாவது பாட்டின் நடுவில் குரல் இறங்க வேண்டும். இறங்குவதில்லை.

2002 சித்திரையில், போர்நிறுத்தத்துக்குப் பிறகு, வவுனியாவுக்குப் போகிற ஏ9 பாதை திறந்தது. சித்தப்பா வவுனியாவுக்குப் போய் ஒரு பெட்டி பற்றரி வாங்கி வந்தார். நாலைப் போட்டு றேடியோவைத் திருப்பினால் உடனே பாடியது, ஒருவரும் சுற்றாமல். தம்பி எழும்பி வெளியே போய்விட்டான். பிறகு டைனமோ சைக்கிளில் அதன் சொந்த வேலைக்குத் திரும்பியது. பாய்களும் குறைந்தன, அவரவர் கொட்டிலில் அவரவர் றேடியோ.

கொப்பியும் றேடியோவும் பிஸ்கற் ரின்னும் 2009இல் புதுக்குடியிருப்புக்கு அங்கால் எங்கோ போயின. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. தமிழோசை 2017 சித்திரை 30ஆம் திகதி நின்றது, மனோகரன் 2018 தையில் சென்னையில் காலமானார். இரண்டு நாளும் தம்பி கனடாவிலிருந்து போன் எடுத்தான்.

கொப்பியில் இருந்த பாட்டுகளில் முக்கால்வாசியை இப்போது போனில் தேடி எடுத்துவிட்டேன். ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. 1997 மாரியில், இரவு, மழை பெய்துகொண்டிருக்கும்போது கேட்டது. புல்லாங்குழலில் தொடங்கும், பெண்குரல், குளம் நிரம்பி வான்பாய்வதைப் பற்றிப் பாடும், மெல்லிசைதான், சினிமா இல்லை. முதல் அடிகளை எழுதிவிட்டேன், இரண்டாவது சரணம் தொடங்கும்போது பல்ப் மங்கி றேடியோ நின்றுவிட்டது, தம்பி பெடலில் கையை வைத்தபடியே நித்திரை. ஒருவரும் அவனை எழுப்பவில்லை. அவன் அப்போது எட்டு வயதுப் பிள்ளை. கொப்பியில் அந்த இடத்தை நாலு வரிக்கு வெறுமையாக விட்டு வைத்திருந்தேன், இன்னொரு நாள் போடுவார்கள்தானே என்று. அந்தப் பாட்டைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பாடியவரின் பெயரை மட்டுமாவது சொல்லுங்கள், தம்பிக்கும் சொல்ல வேண்டும்.